அந்தரத்தில் உலரும் துளி

ஓமந்தூர் டீக்கடை மேசையில் ஒரு சொட்டு காபி சிந்திக் காய்ந்தால், நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கருவளையம் நிற்கும். துளியின் விளிம்பு மேசையோடு ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஈரம் வேகமாக ஆவியாக, அதை ஈடுகட்ட உள்ளிருந்து ஓடிவரும் நீர் துகள்களையும் இழுத்து வந்து சேர்க்கிறது. 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இதை விளக்கினார்கள்.

சரி, மேசையே இல்லாவிட்டால்?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சப்தர்ஷி பாசு குழுவினர் துளியை அந்தரத்தில் நிறுத்துகிறார்கள். கயிறும் இல்லை, மாயமும் இல்லை. நம் காதுக்கு எட்டாத மீயொலிதான். எதிரெதிரே மோதும் ஒலியலைகளுக்கு நடுவே அழுத்தம் ஏறி இறங்காத இடங்கள் உண்டு. அங்கே துளி மிதந்தபடி உலரும், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்.

கொரோனா பரவிய 2020இல், எச்சிலைப் போன்ற உப்புக் கரைசலில் கிருமி அளவுள்ள துகள்களைக் கலந்து இப்படி உலர்த்தினார்கள். மரக்காணம் உப்பளத்தில் நடப்பதுபோல நீர் போய் உப்புப் படிகம் எஞ்சியது. துகள்களும் அதிலேயே தங்கியிருந்தன. துளி காய்ந்தால் கிருமி போயிற்று என்று வாயை மூடாமல் இருமுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்கட்டும்.