கூட்டுப் பணம் யாருக்குச் சொந்தம்?



இன்றைய கூட்டத்தில் கடவுளையும் மதத்தையும் புராணத்தையும் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாயிருக்கலாம். நாம் எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் பணத்தைப் பற்றியது. இங்கிலாந்து தேசத்தில் உழைப்பாளிகள் தங்களுக்குள் கூடி, தங்கள் கைக் காசைப் போட்டு நடத்தி வந்த சங்கங்கள் எப்படிப் பங்குதாரர் கம்பெனிகளாக மாற்றப்பட்டன, அதனால் யார் பிழைத்தார்கள், யார் கெட்டார்கள் என்பதைப் பற்றியே பேசப் போகிறோம். அதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுமையாய்க் கேளுங்கள்.

1775-ம் வருஷத்தில் பர்மிங்காம் நகரத்தில் கோல்டன் கிராஸ் என்கின்ற ஒரு சாராயக்கடை விடுதி இருந்தது. அதை நடத்தி வந்தவர் ரிச்சர்ட் கெட்லி என்பவர். அங்கு வந்து போகிறவர்கள் சிலர் சேர்ந்து, மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, பணம் சேர்ந்தவுடன் ஒருவருக்கு வீடு கட்டிக் கொள்ளக் கொடுப்பது, பிறகு அடுத்தவருக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்து கொண்டார்கள். இது என்ன? நம் ஊரில் நடக்கிற சீட்டுத்தானே! கடைசி ஆளுக்கும் வீடு கிடைத்தவுடன் சீட்டு முடிந்து சங்கம் கலைந்து விடும். சுமார் எழுபது வருஷத்துக்குப் பிறகுதான் கலையாமல் நிலைத்திருக்கும் சங்கங்கள் தோன்றின. அதன்படி வீடு வேண்டாதவனும் பணத்தைப் போட்டு வட்டி வாங்கலாம், வீடு வேண்டியவன் கடன் வாங்கலாம். 1853-ல் யார்க்ஷயர் மாகாணத்து ஹாலிபாக்ஸ் நகரத்தில் தோன்றிய சங்கம் இப்படிப்பட்டதேயாகும். அதுவும் ஒரு விடுதியின் மாடி அறையில் பிறந்ததுதான். பெரியார் 1932-ல் இங்கிலாந்து சென்றபோது தொழிலாளர் கூட்டத்தில் பேசியதும் இதே யார்க்ஷயரில்தான் என்பது நம் தோழர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தச் சங்கங்களுக்கு முதலாளி என்று ஒருவன் கிடையாது. பணம் போட்டவனும் கடன் வாங்கியவனுமே சொந்தக்காரர்கள். நூறு பவுன் வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டுத்தான், பத்தாயிரம் பவுன் வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டுத்தான். லாபம் வந்தால் அதை வாரிக் கொண்டு போக வெளியாள் யாரும் இல்லாததால், வட்டியைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கவும், கடன் வட்டியைச் சற்றுக் குறைத்து வாங்கவும் முடியும். மிச்சம் ரிசர்வ் நிதியில் சேரும். இப்படி நூறு, நூற்றைம்பது வருஷங்களாகச் சேர்ந்த நிதி மலை போல் வளர்ந்து விட்டது. கவனியுங்கள், அந்த மலையைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் செத்துப் போய் விட்டார்கள்.

1986-ம் வருஷத்தில் இங்கிலாந்து சர்க்கார் ஒரு சட்டம் செய்தார்கள். ஓட்டளிக்கும் சேமிப்புக்காரர்களில் நாலில் மூன்று பங்கினர் சம்மதித்தால் சங்கம் கம்பெனியாகலாம் என்று அதில் வழி வைத்தார்கள். 1989-ல் அபே நேஷனல் என்னும் பெரிய சங்கம் முதன்முதல் அந்த வழியில் போயிற்று. சம்மதம் வாங்குவது எப்படி? மெம்பர் ஒவ்வொருவருக்கும் 100 பங்கு இனாம். பங்கின் விலை 1 பவுன் 30 பென்ஸ். அதாவது 130 பவுனுக்கு ஓட்டு வாங்கப்பட்டது. நம் நாட்டில் தேர்தலில் ஓட்டுக்குப் பணம் கொடுப்பவனாவது எங்கிருந்தோ கொண்டு வந்த பணத்தைக் கொடுக்கிறான். அங்கோ மெம்பருடைய சங்கத்துச் சொத்திலிருந்தே எடுத்து மெம்பருக்கு லஞ்சமாகக் கொடுத்தார்கள். அவனும் யாரோ தானம் செய்ததாக நினைத்து மகிழ்ந்து கையெழுத்துப் போட்டான்!

1997-ல் இது ஒரு காய்ச்சலாகப் பரவிற்று. ஹாலிபாக்ஸ், அலயன்ஸ் அண்டு லெஸ்டர், வுல்விச், நார்தர்ன் ராக் ஆகிய சங்கங்கள் அந்த ஒரே வருஷத்தில் கம்பெனிகளாயின. ஹாலிபாக்ஸ் ஒன்றில் மட்டும் எழுபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இனாம் பங்கு பெற்றார்கள். எந்தச் சங்கம் அடுத்து மாறும் என்று மோப்பம் பிடித்து, ஊர் ஊராய்ப் போய்ச் சிறு தொகை போட்டுக் கணக்குத் திறக்கிற ஒரு கூட்டமே கிளம்பி விட்டது. பிராட்போர்ட் அண்டு பிங்கிலி என்ற சங்கத்தில் டைரக்டர்கள் வேண்டாம் என்று சொல்லியும், குழாய் வேலை செய்யும் ஒரு மெம்பர் தீர்மானம் கொண்டுவர, மற்றவர்கள் ஆதரித்து நிறைவேற்றி விட்டார்கள். ஆகையால் எல்லாக் குற்றத்தையும் மேலே உள்ளவர்கள் தலையில் மாத்திரம் போட முடியாது.

"சொந்தக்காரர்கள் ஓட்டுப் போட்டுப் பங்கு போட்டுக் கொண்டால் அதில் என்ன தப்பு?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் ஊர் ஏரியை எண்ணிப் பாருங்கள். பாட்டன் பூட்டன் மண் சுமந்து கரை போட்டான். இன்றைக்கு அதில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் நூறு பேர் கூடி, கரையை உடைத்துத் தண்ணீரை விட்டு விட்டு, ஏரித் தரையை மனை மனையாய் விற்று ஆளுக்கு இவ்வளவு என்று எடுத்துக் கொள்வதாகத் தீர்மானம் போட்டால் செல்லுமா? அனுபவிக்கிற உரிமை வேறு, அழிக்கிற உரிமை வேறு அல்லவா? போட்ட பணமும் அதற்கு வட்டியும் மெம்பருடையது என்பதில் தகராறில்லை. ஆனால் செத்தவர்கள் விட்டுப் போன நிதியைத் தின்று விட, நேற்றுக் கணக்குத் திறந்தவனுக்குப் பாத்தியதை எங்கிருந்து வந்தது? இனிமேல் பிறந்து வளர்ந்து வீடு கட்டக் கடன் கேட்டு வருகிறவனுக்கு அதில் பங்கில்லையா? அவனை யார் ஓட்டுக் கேட்டார்கள்?

டைரக்டர்களும் நிபுணர்களும் சொன்ன காரணம் என்னவென்றால், போட்டி வளர்ந்து விட்டது, பெரிய மூலதனம் வேண்டும், சங்கமாயிருந்தால் மூலதனம் திரட்ட முடியாது என்பதாகும். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. சங்கம் பங்கு விற்க முடியாது, லாபத்தில் மிச்சம் பிடித்துத்தான் வளர வேண்டும். ஆனால் அவசரமாக வளர வேண்டும் என்று கேட்டது யார்? வீட்டுக் கடன் வாங்கிய தச்சனா? சில்லறை சேர்த்து வைத்த கிழவியா? புரோகிதன் புரியாத பாஷையில் மந்திரம் சொல்லித் தட்சிணை வாங்குவது போல், இவர்களும் "மார்க்கெட்", "மார்க்கெட்" என்று புரியாத பாஷையில் பேசி ஜனங்களைத் தலையாட்ட வைத்தார்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

பலன் என்ன? நார்தர்ன் ராக் கதை ஒன்றே போதும். சங்கமாய் இருந்தால் சட்டப்படி பாதிப் பணமாவது மெம்பர்களின் சேமிப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். கம்பெனியான பிறகு அந்தக் கட்டு அறுந்தது. 2007-ம் வருஷ மத்தியில் அதனிடமிருந்த பணத்தில் சாதாரண ஜனங்களின் டிபாசிட் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் பெரும்பாலும் பணச் சந்தையில் வாங்கியது. 100 பவுன் பெறுமானமுள்ள வீட்டுக்கு 125 பவுன் வரை கடன் கொடுத்தார்கள்! அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் கெட்டு, சந்தையில் கைமாற்றுக் கிடைக்காமற் போனவுடன் மூச்சு நின்றது. 2007 செப்டம்பர் 14-ந் தேதி அந்தப் பாங்கியின் வாசல்களில் கிழவர்களும் கிழவிகளும் பணத்தைத் திரும்ப வாங்க வரிசையாக நின்றதை உலகமே பார்த்தது. 1866-க்குப் பிறகு இங்கிலாந்தில் அப்படி ஒரு பாங்கியை நோக்கி ஜனங்கள் ஓடியதில்லை என்றார்கள். 2008 பிப்ரவரியில் சர்க்கார் அதை எடுத்துக் கொள்ள நேர்ந்தது. லாபம் வந்தபோது பங்குதாரனுக்கு, நஷ்டம் வந்தபோது வரி கொடுக்கிறவனுக்கு!

மற்றவை? வுல்விச் 2000-ல் பார்க்ளேஸ் பாங்கிக்குள் போயிற்று. அபே நேஷனலை 2004-ல் ஸ்பெயின் தேசத்து சான்டாண்டர் பாங்கி வாங்கிற்று, அலயன்ஸ் அண்டு லெஸ்டரையும் 2008-ல் அதுவே வாங்கிற்று. பிராட்போர்ட் அண்டு பிங்கிலி 2008 செப்டம்பரில் சர்க்கார் கைக்கு வந்தது. ஹாலிபாக்ஸ் 2001-ல் ஸ்காட்லாந்து பாங்கியோடு சேர்ந்து, 2009-ல் லாயிட்ஸ் பாங்கியின் வயிற்றுக்குள் போயிற்று. அப்படிக் கம்பெனியாக மாறியவைகளில் ஒன்றாவது இன்று தன் காலில் தனியாய் நிற்கவில்லை.

இதைக் கொண்டு சங்கம் என்றாலே யோக்கியம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு மூட பக்தியாகும். 1762-ல் தோன்றிய ஈக்விடபிள் லைப் என்னும் இன்சூரன்ஸ் சங்கம் மெம்பர்களுடையதுதான். அது கொடுக்க முடியாத வாக்குறுதிகளைக் கொடுத்து 2000-ல் புது வியாபாரத்தை மூட வேண்டியதாயிற்று. 2009-ல் ஸ்காட்லாந்தின் டன்பர்ம்லின் சங்கமும் கவிழ்ந்தது. மெம்பர் கணக்குக் கேட்காத இடத்தில் போர்டில் எழுதிய பெயர் எதுவானாலும் ஒன்றுதான்.

நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்து விடாதீர்கள். 2018-ல் நம் ரிசர்வ் பாங்கி, நகரக் கூட்டுறவு பாங்கிகள் விரும்பினால் சிறு நிதி பாங்கிக் கம்பெனிகளாக மாறலாம் என்று ஒரு திட்டம் வெளியிட்டது. அதன்படி உத்தரப் பிரதேசத்து சகரன்பூரில் இருந்த ஷிவாலிக் கூட்டுறவு பாங்கி 2021 ஏப்ரலில் முதன்முதல் மாறி விட்டது. அது நன்மையா தீமையா என்று இப்போது தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது போய்ப் பங்குக்கு ஒரு ஓட்டு என்று வருவதை மாத்திரம் எடுத்துக் காட்டுகிறோம். பிறவியினால் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்பதை ஒப்பாத நாம், பணத்தினால் ஒருவனுக்கு ஆயிரம் வாய், ஒருவனுக்கு அரை வாய் என்பதை எப்படி ஒப்புவது? அடுத்த பொதுக் கூட்டத்துக்கு நோட்டீசு வந்தால் அதை மளிகைச் சாமான் மடிக்கக் கொடுத்து விடாமல் போய் உட்கார்ந்து, ரிசர்வ் நிதி எவ்வளவு, யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். இங்கிலாந்தில் நேஷன்வைடு என்ற சங்கத்தையும் 1998-ல் மாற்றப் பார்த்தார்கள். வெகு சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் மெம்பர்கள் மறுத்து விட்டார்கள். அதற்கு முன் வருஷமே, புதிதாகச் சேருகிறவர்கள் மாற்றத்தால் வரும் இனாமைத் தர்மத்துக்கு எழுதி வைக்க வேண்டும் என்று அச்சங்கம் விதி செய்து விட்டது. மோப்பக்காரர்கள் அதன் வாசலுக்கு வருவது அதோடு நின்றது. அந்தச் சங்கம் 2024 அக்டோபரில் வர்ஜின் மனி என்னும் பாங்கிக் கம்பெனியைச் சுமார் 290 கோடி பவுனுக்கு வாங்கிற்று. அந்த வர்ஜின் மனி, 2012-ல் நார்தர்ன் ராக்கை சர்க்காரிடமிருந்து வாங்கியதாகும். ஆக, கம்பெனியாகிக் கெட்டுப் போனதில் மிஞ்சியது, பதினேழு வருஷத்துக்குப் பிறகு ஒரு சங்கத்தின் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய வியாபாரத்துக்கு மெம்பர்களை ஓட்டுக் கேட்கவில்லை. சட்டப்படி கேட்க வேண்டியதில்லை என்று டைரக்டர்கள் சொல்லி விட்டார்கள். மெம்பர்களில் பலர் அதை ஆட்சேபித்தார்கள்.

தோழர்கள் ஏதாவது கேட்பதாயிருந்தால் இப்போது கேட்கலாம்.