விரவு என்னும் சொல்



ஆங்கில அகரமுதலிகளின் மூலையில் 'ஹைப்ரிடஸ்' என்றொரு பெயரடை கிடக்கிறது. கலந்த பிறப்பினை உடைய என்பது அதன் பொருள். இன்று அதை எழுதுவார் அரியர். அதன் வேர் இலத்தீன் மொழியின் 'ஹிப்ரிடா'. வீட்டுப் பெண்பன்றிக்கும் காட்டு ஆண்பன்றிக்கும் பிறந்த குட்டிக்கு உரோமர் இட்ட பெயர் அது. உரோமத் தந்தைக்கும் அயல்நாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளையையும் அதே சொல்லால்தான் அழைத்தனர். சொல்லின் பிறப்பிலேயே ஏளனம் ஏறி உட்கார்ந்துவிட்டது. நம் வழக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 'கலப்பு' என்று சொல்லி முடிப்பதற்குள் 'கலப்படம்' நினைவுக்கு வந்துவிடுகிறது. மிளகில் பப்பாளி விதையைச் சேர்த்தவனைப் பார்ப்பதுபோல் மனிதனையும் பார்க்கிறோம்.

இந்த ஏளனம் ஒட்டாத ஒரு சொல் தமிழில் உண்டா என்று தேடுவதற்குக் கம்பம் பள்ளத்தாக்கை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மேற்கே ஓடவேண்டிய பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த வழியே கிழக்கே இறங்கிச் சுருளியாற்றோடு கூடி வையையில் சேர்கிறது. நம் வயலில் பாயும் நீரே கலந்த நீர். பெரியகுளத்தருகே வடுகபட்டி என்று ஓர் ஊர். வடக்கிலிருந்து வந்தவரைத் தமிழர் அழைத்த பெயர் அவ்வூர்ப் பெயரிலேயே நிற்கிறது. தெலுங்கு பேசும் நாயக்கர், கன்னடம் பேசும் ஒக்கலிகர், தமிழே தாய்மொழியான இராவுத்தர், மலைக்கு மேலும் கீழும் பிழைப்புத் தேடும் மலையாளிகள் என்று ஒரே சந்தையில் எத்தனை நாக்குகள்!

ஒக்கலிகரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். பழைய ஏடுகள் காப்பிலியர் என்று குறிக்கும் அம்மக்கள் கம்பத்தில் ஒரு தெய்வ மந்தையைப் போற்றி வருகின்றனர். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல் அதனைத் 'தேவரு ஆவு' என்றும், மந்தையின் அரசக் காளையைப் 'பட்டத ஆவு' என்றும் பதிவு செய்கிறது. பட்டத்துக் காளை இறந்துபட்டால், கரும்புக் கட்டை முன்வைத்து, முதலில் வந்து தின்னும் காளைக்கே பட்டம் சூட்டுவராம். தேர்தல் முறைகளில் இதுவும் ஒன்று. மோசமானது என்று சொல்லத் துணியமாட்டேன்.

கவிஞர்கள் கவனிக்க வேண்டியது அந்த 'ஆவு'. சங்கப் புலவர் பாடிய 'ஆ' நம் பேச்சிலிருந்து போய்விட்டது. பசுவும் மாடும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. போன சொல்லின் உடன்பிறப்பு ஒரு கன்னட வீட்டுத் தொழுவத்தில் இருந்திருக்கிறது. 'ஒக்கலு' என்றால் கன்னடத்தில் குடி, குடியானவர். 'ஒக்கல்' என்றால் தமிழில் சுற்றம். வள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் 43ஆம் குறளில் ஆண்ட சொல். இரண்டையும் ஒரே வேரின் கீழ் வைக்கிறது திராவிடச் சொற்பிறப்பகராதி. அயலார் என்று நாம் எண்ணும் மக்களின் பெயருக்குள் சுற்றம் என்ற பொருள் ஒளிந்திருக்கிறது!

தேடிய சொல்லுக்கு வருகிறேன். தொல்காப்பியர் உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயர்களை 'விரவுப்பெயர்' என்றார். தாய், தந்தை முதலிய முறைப்பெயர்கள் அவற்றுள் அடங்கும். தாய் என்பது பெண்ணுக்கும் பெயர். கன்றை நக்கும் ஆவுக்கும் பெயர். இரு பக்கமும் உரிமையுடைய பெயர் என்பதன்றி அதில் தாழ்வு ஏதுமில்லை. அவரே பொருளதிகாரத்தில் திணை மயங்குதலையும் விலக்கவில்லை. ஆகவே 'விரவிய' என்பதே நான் முன்மொழியும் பெயரடை. விரவிய குடி, விரவிய மரபு, விரவிய நாவு.

ஆனால் சொல் கிடைத்துவிட்டதென்று மகிழ்வதற்கில்லை. நம் பள்ளத்தாக்கில் மொழிகள் விரவிய அளவு மணங்கள் விரவவில்லை. சந்தையில் நான்கு மொழி பேசுகிறவர், திருமணம் என்றதும் ஒரே தெருவுக்குள் அடங்கிவிடுகிறார். அத்தெருவைக் கடந்து மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர்களை இந்த மேடையில் நான் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். விரவு என்ற சொல் அப்பிள்ளைகளுக்குத்தான் முதலில் உரியது. அவர்களைப் பற்றி நம் கவிதை என்ன எழுதியிருக்கிறது?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிக்கொண்டு தமிழில் எழுதுகிற கவிஞர் இப்பகுதியில் பலர். அவர்களின் கவிதையில் பாட்டியின் மொழி ஒரு சொல்லளவேனும் வருவதில்லை. தமிழுக்கு அது இழுக்கு என்று அஞ்சுகிறார்கள் போலும். திசைச்சொல்லுக்குச் செய்யுளில் இடம் கொடுத்த இலக்கணம் நம்முடையது, அஞ்ச வேண்டியதில்லை. அந்த வீட்டு மொழிகளுக்குப் பெரும்பாலும் எழுத்து வழக்கில்லை. பேரப்பிள்ளைகள் பேசுவதும் குறைந்து வருகிறது. பதினோராம் ஆண்டில் வட்டம் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கவிஞரும் தம் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, உழவும் மாடும் சமையலும் பற்றிய ஐம்பது சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வரட்டும். அடுத்த கூட்டத்தில் கவிதை வாசிப்புக்கு முன் அவற்றை வாசிப்போம்.