உலோகத்தை விட்டு நீங்கும் வாயு

மட்டாஞ்சேரிச் சந்தையில் இஞ்சியையும் சுக்கையும் காண்கிறோம். பச்சை இஞ்சியை இடித்தால் நசுங்குமேயன்றிப் பொடியாகாது. ஈரம் நீங்கிச் சுக்கான பின்னரே பொடியாகும். டைட்டேனியம் என்னும் உலோகமும் அடித்தால் நசுங்கும், எளிதில் பொடியாகாது. ஆனால், இஞ்சிக்கு ஒன்று நீங்கவேண்டும். இவ்வுலோகத்துக்கோ ஒன்று சேரவேண்டும். அதுவே ஹைட்ரஜன் வாயு.

சூடேறிய டைட்டேனியத்தின்மீது ஹைட்ரஜனைச் செலுத்தினால், உலோகம் அதனை உறிஞ்சி ஹைட்ரைடு என்னும் கூட்டுப்பொருளாகிறது. இது எளிதில் நொறுங்கும் இயல்பினது. அரைத்தெடுத்த பொடியை வெற்றிட உலையிலிட்டு 600, 700 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேற்றினால், பிணைப்பு தளர்ந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. உலோகப் பொடி எஞ்சுகிறது. ஒரு கிலோகிராம் ஹைட்ரைடில் அடங்கிய ஹைட்ரஜன் ஏறத்தாழ 40 கிராம். சாதாரண அழுத்தத்தில் அது சுமார் 450 லிட்டர் இடத்தை நிரப்பும்!

வெற்றிடம் எதற்கு? சேர்வதும் பிரிவதும் இங்கே ஒரே வழியின் இரு திசைகள். வெளியேறிய வாயுவை அகற்றாமல் உலையைக் குளிரவிட்டால், உலோகம் அதனை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பம்பு இடைவிடாது இயங்கவேண்டும்.

சூடேற்றினால் உலோகம் தூய்மையாகிவிடும் என்று எண்ணுவது பாதி உண்மையே. வெப்பம் விரட்டுவது ஹைட்ரஜனை மட்டுமே. காற்றிலிருந்து புகுந்த ஆக்சிஜன் உலோகத்தைவிட்டு அகலாது. அதன் நெகிழ்வைக் கெடுத்து உடையச் செய்யும். தொடக்கத்திலேயே தூய உலோகம் வேண்டும். அரைக்கும்போதும் காற்று அண்டாமல் காக்கவேண்டும். நுண்பொடி எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறத்தலாகாது.

இச்செய்தி கேரள மக்களாகிய நமக்கு அயலானதன்று. கொச்சிக்குத் தெற்கே, கொல்லம் மாவட்டத்துச் சவறைக் கடற்கரையின் கருமணலில் டைட்டேனியம் அடங்கிய இல்மனைட் செறிந்துள்ளது. நெடுங்காலம் தாது நம்மிடமிருந்தும், விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் வேண்டிய உலோகத்தை வெளிநாட்டில் வாங்கினோம். 2011-இல் சவறையில் ஆண்டுக்கு 500 டன் திறனுடைய டைட்டேனியம் பஞ்சு ஆலை தொடங்கப்பெற்றது. துளைகள் நிறைந்த உலோகமாதலின் பஞ்சு என்று பெயர். ஐதராபாத்திலுள்ள பாதுகாப்புத்துறை உலோக ஆராய்ச்சிக் கூடம் வகுத்த முறை அது.

அப்பஞ்சைப் பொடியாக்கவும் ஹைட்ரைடு முறை உதவும். மணல் இயற்கை தந்தது. அதிலிருந்து மாசற்ற உலோகம் பெறுவது நம் பொறுமையையும் கவனத்தையும் பொறுத்தது.