கொடியில் எழுதாத பொருள்



மூவேந்தர் கொடிகளில் வில்லும் புலியும் கயலும் பேசின. பாரதியார் பாடிய மணிக்கொடியிலும் வச்சிரமும் இளம்பிறையும், நடுவே வந்தே மாதரம் என்னும் எழுத்துமே பொருள் உணர்த்துவன. இன்றைய மூவண்ணக் கொடியிலோ வண்ணங்களே முன்னிற்கின்றன. எழுத்தில்லாத இடத்தில் நாம் எழுத முற்படுகிறோம்.

நானும் எழுதினேன். பல்லாண்டுகட்கு முன் ஒரு கவியரங்கில் காவி இந்துவுக்கு, பச்சை இசுலாமியருக்கு, வெண்மை கிறித்தவருக்கு எனப் பங்கிட்டுப் பாடினேன். நல்ல கைதட்டல். கூட்டம் கலைந்தபின் சமணப் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, என் வண்ணம் எது?" என்றார். நான் விடையின்றி நின்றேன்.

அக்கேள்வி புதிதன்று. 1921இல் பெசவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியடிகளிடம் அளித்த வரைவில் சிவப்பும் பச்சையும் இரு பெருஞ் சமயத்தாரைக் குறித்தன. ஏனையோர்க்காக வெண்மையைச் சேர்க்கச் சொன்னார் அடிகள், இராட்டையும் இடம்பெற்றது. பின்னர்ச் சீக்கியர் தமக்கும் ஒரு வண்ணம் வேண்டினர். பங்கீடு தொடங்கிவிட்டால் துணி போதுமா? 1931இல் காங்கிரசு அமைத்த குழு முழுதும் காவியான கொடியைப் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. அவ்வாண்டே காவி, வெண்மை, பச்சை மூன்றையும் ஏற்றபோது, இவற்றுக்குச் சமயப் பொருள் இல்லை எனத் தெளிவாகவே கூறினர்.

1947 சூலை 22இல் அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்த தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள். மூன்று பட்டைகளும் சம அளவு, அகலத்துக்கு நீளம் 2க்கு 3, நடுவில் கருநீலச் சக்கரம் என்று அளவு சொல்கிறது. வண்ணங்களுக்குப் பொருள் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பெரிதாகப்படுகிறது. காவிக்குத் துறவும், வெண்மைக்கு ஒளியும், பச்சைக்கு மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவும் பொருளாக அன்று அவையில் உரைத்தவர் இராதாகிருட்டிணன். அது உரையாசிரியர் தந்த உரை, மூலத்தில் இல்லாதது.

பொருள் சொல்லப்பட்டது சக்கரத்துக்கு மட்டுமே. சாரநாத்தில் அசோகரின் சிங்கத் தூண்தலையிலுள்ள வடிவில், 24 ஆரங்களுடன் அமைந்தாலும், அது இராட்டையைக் குறிப்பது என்கிறது தீர்மானம். மாற்றத்துக்கு நேரு சொன்ன காரணம் எளிமையானது: கொடியை எப்பக்கமிருந்து நோக்கினும் சின்னம் ஒன்றுபோல் தோன்றவேண்டும், ஒரு முனையில் சக்கரமும் மறுமுனையில் கதிரும் கொண்ட இராட்டை மறுபுறம் திரும்பிவிடும். ஆயினும் இராட்டை மறைந்தது காந்தியடிகளை வருத்தியது. கைநூற்புத் துணியாவது அதன் நினைவைக் காத்துவந்தது. 2021 திசம்பரில் கொடி விதிகள் திருத்தப்பட்டபின் பாலியெசுட்டர்த் துணியும் இயந்திர நெசவும் கொடிக்கு ஆகும் என்றாயிற்று. நெசவூரில் பிறந்தவனாதலால் இதை மகிழ்ச்சியோடு சொல்ல இயலவில்லை.

அப்பெரியவர் இன்றில்லை. அந்தப் பாட்டை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். சமயப் பெயர்கள் மூன்றையும் அடித்துவிட்டேன். எதுகை போய்விட்டது, மூன்றாமடி இன்னும் அமையவில்லை. அமைந்ததும் இவ்வவையில்தான் முதலில் படிப்பேன்.