கடல் கடந்த காவற்பணி
(படைவீரர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பனிமலை எல்லைக்கும் பாலைவன எல்லைக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பழகியவர்கள் நாம். ஆயினும், ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படையில் தென் சூடானுக்குப் போகிறான் என்று கேட்டதும் நம் உள்ளம் கலங்குகிறது. கலங்குவது இயல்பே. ஆனால் அறியாத இடத்தைப் பற்றிய அச்சம், அறிந்தால் பாதி குறையும்.

இப்பணி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1956-இல் சூயஸ் போருக்குப் பின் காசாவுக்குச் சென்ற நம் வீரர்கள் 1967 வரை அங்கே காவல் நின்றனர். 1961-இல் காங்கோவில் உயிர் நீத்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. தென் சூடான் 2011-இல் தனி நாடாயிற்று. அவ்வாண்டே அங்கு ஐ.நா. படையும் வந்தது. 2013-இல் ஏப்ரலில் ஐந்து இந்திய வீரரும், டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டபோது இருவரும் அம்மண்ணில் உயிர் ஈந்தனர். இதை நாம் நமக்கே மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அங்கே அவன் காண்பது என்ன? நம் கோவில்பட்டிப் பக்கம் போலவே கரிசல் மண். மழைக்காலத்தில் சாலையெல்லாம் சேறாகும். பல இடங்களுக்கு விமானமும் ஹெலிகாப்டருமே வழி. மலேரியா உண்டு, கொசுவலையும் மாத்திரையும் துப்பாக்கி அளவுக்கு முக்கியம். அந்நாட்டு மக்களில் பலருக்கு மாடுதான் செல்வம். பெண்ணுக்குப் பரிசமும் மாடே. நம் படையின் கால்நடை மருத்துவர்கள் அம்மாடுகளுக்கு வைத்தியம் பார்த்து மக்களின் அன்பைப் பெற்றிருக்கின்றனர். தொழுவத்தில் வளர்ந்த நம் பிள்ளைக்கு அவர்கள் அந்நியராய்த் தோன்றமாட்டார்கள்.

இனி, வீட்டிலிருக்கும் நம் கடமை. பணிக்காலம் வழக்கமாக ஓராண்டு. குடும்பம் உடன் செல்வதில்லை. ஆகவே அவன் புறப்படுமுன்பே வங்கிக் கணக்கு, பவர் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிக் காரியம் ஆகியவற்றை ஒழுங்கு செய்துவிடுவோம். வெளிநாட்டுப் படி வருமென்று எண்ணி, வராத பணத்தை நம்பி மனைக்கும் கலியாணத்திற்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். மாமியாரும் மருமகளும் அந்தப் பணத்தின் பொருட்டுப் பேச்சற்றுப் போன வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். செலவை யார் பார்ப்பது என்பதை மகன் வாயாலேயே, இருவர் முன்னிலையிலும் சொல்லச் செய்யுங்கள்.

இங்கே இரவு ஒன்பது மணி ஆகும்போது அங்கே மாலை ஐந்தரை. அழைக்கும் நேரத்தை அவனே குறிக்கட்டும். ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து ஒப்பாரி வைக்காதீர்கள். மழையில் தொடர்பு அறுந்திருக்கலாம். புதிய இடத்தில் கால் ஊன்றும் முதல் சில வாரங்களில், தண்ணீர்க் குழாய்ச் சண்டையை அவன் காதில் போடாதீர்கள். ஆனால் தாய்க்கு நோய் முற்றினால் அதை மறைக்கவும் கூடாது. சின்னதைப் பொறுப்போம், பெரியதைச் சொல்வோம். வீட்டார் உண்மை சொல்லுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவன் அங்கே நிம்மதியாக உறங்குவான்.

தகப்பன் முகம் மறந்த கைக்குழந்தை, அவன் திரும்பி வந்த நாளில் அழுது ஒதுங்கும். அதற்கும் நாம் ஆயத்தமாயிருப்போம். நாள்தோறும் அவன் படத்தைக் காட்டி, ‘இது அப்பா’ என்று சொல்லி வளர்ப்போம். ஆண்மகன் துணையின்றி நிற்கும் வீட்டிற்கு ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் உடன் செல்வது அண்டை வீட்டார் கடமை. அவன் அந்நிய மக்களின் வாசலில் காவல் நிற்கிறான். அவன் வாசலில் நாம் நிற்போமாக.