குறியும் கண்ணாடியும்

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியாக வளைந்து வளைந்து மேலேறும் தெரு கினிகத்தேனையை அடைந்ததும், தாழ்நாட்டின் வெப்பம் பின்னே நின்றுவிடுகிறது. எதிர்மலையின் தேயிலைச் செடிகள் ஒரு கணம் தெளிவாகத் தெரியும். மறுகணம் மூடுபனி வந்து அவற்றை மறைத்துவிடும். இத்தகைய பிரதேசத்திலே தூரத்துப் பொருளைத் துலக்கமாகக் காண்பது எத்துணை அரிது என்பதை நேயர்கள் அறிவார்கள். அத்தூரத்துப் பொருளைக் கண்ணருகே கொண்டுவரும் கருவிகளுள் ஒன்று, துப்பாக்கியின்மேற் பொருத்தப்படும் தொலைநோக்கியாகும். ‘ஸ்கோப்’ என்று எல்லாரும் வழங்கும் அக்கருவியை, ‘பொயின்ட் டூ டூ’ எனப்படும் சிறுதுவாரத் துப்பாக்கிகளைக் கொண்டு நடைபெறும் குறிசுடும் போட்டிகளுக்கு எவ்வாறு தெரிவது, எவ்வாறு கையாள்வது என்பதே இப்பேச்சின் பொருள்.

துப்பாக்கி என்ற சொல் மலையகத் தமிழர் செவிக்கு இனிய சொல்லன்று. 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. அதில் இருந்தவர்கள் ஐரோப்பியத் துரைமார். அவர்களுள் ஒரு பகுதியினர் போயர் யுத்தத்துக்கும், பின்னர் 1915ஆம் ஆண்டில் கலிப்பொலிக்கும் சென்றனர். 1949ஆம் ஆண்டில் அப்படை கலைக்கப்பட்டது. துரையின் தோளிலே துப்பாக்கி, தொழிலாளியின் முதுகிலே கூடை என்பதுதான் அக்கால மலையகக் காட்சி. 1940ஆம் ஆண்டில் முல்லோயாத் தோட்டத்திலே தொழிலாளர் போராட்டம் நடந்த காலத்திற் பொலிஸாரின் சூட்டுக்கு இரையான கோவிந்தனின் பெயர் இன்னும் மறக்கப்படவில்லை. ஆகவே, தம் பிள்ளையொருவன் குறிசுடும் கலையைப் பயில விரும்புகிறான் என்று கேள்வியுறும் தாய்தந்தையர் திடுக்கிடுவது இயல்பே. அவ்வச்சத்தை இகழ்தல் ஆகாது. அதற்குரிய விடையை, கருவியின் இயல்பையும் ஒழுங்கையும் விளக்குவதன் மூலமே கூறவேண்டும்.

விளையாட்டாகிய குறிசுடுதல் ஓர் அமைதியான கலை. 1994ஆம் ஆண்டில் கனடாவின் விக்டோரியா நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், காற்றுத்துப்பாக்கிப் பெண்கள் இருவர் போட்டியிலே புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தனர். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், மகாராஷ்டிர மாநிலக் கிராமமொன்றிற் பிறந்து இந்திய ரயில்வேயிற் பணியாற்றிய ஸ்வப்னில் குசாலே, 50 மீட்டர் மூன்றுநிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அவர் கையாண்டது சிறுதுவாரத் துப்பாக்கியே. இவ்வெற்றிகளிலிருந்து குறித் தொலைநோக்கியைப் பற்றிய முதலாவது பாடமும் கிடைக்கிறது. இவர்கள் எவரும் துப்பாக்கியின்மேல் தொலைநோக்கியைப் பொருத்திச் சுடவில்லை. ஒலிம்பிக் முறையில் நடைபெறும் துப்பாக்கிப் போட்டிகளில் அதற்கு இடமில்லை. பின்னே சிறு துளையும் முன்னே சிறு வளையமும் கொண்ட குறிகாட்டியே அங்கு அனுமதிக்கப்படுகிறது.

அப்படியாயின் தொலைநோக்கிக்கு இடம் எங்கே? மேசையிலே தாங்கு வைத்து 50 மீட்டரிற் சுடும் போட்டிகளிலும், 40, 60, 77, 100 மீட்டர்களில் நிறுத்தப்பட்ட கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா ஆகிய உலோக உருவங்களை வீழ்த்தும் போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு. எனவே, தொலைநோக்கி வாங்க நினைப்பவர் கடைக்குச் செல்லுமுன் தாம் கலந்துகொள்ளப்போகும் போட்டியின் விதிகளைப் படிக்கவேண்டும். விதி அனுமதியாத கருவிக்குச் செலவிட்ட பணம், பெய்யாத மழைக்கு வாங்கிய குடையைப்போல மூலையிலே கிடக்கும்.

இனித் தெரிவு செய்யும் முறையைப் பார்ப்போம். பலரும் முதலில் வினவுவது, “எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?” என்பதாகும். அது முதலிற் கேட்கவேண்டிய கேள்வியன்று. உருப்பெருக்கம் கூடக்கூடக் குறி பெரிதாகத் தெரிவது உண்மை. ஆனால் சுடுபவரின் நாடித்துடிப்பும் மூச்சும் கைந்நடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும். தாங்கு வைத்துச் சுடுபவர் 36 மடங்கு பெருக்கத்தையும் பயன்படுத்தலாம். நின்றுகொண்டு சுடுபவருக்கு அதே கண்ணாடி, புயலிலே ஆடும் மரக்கிளையிலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். அவருக்கு அதனிற் பாதியளவு பெருக்கமே தாராளம்.

மேலும், பெருக்கம் கூடினால் வெளிச்சம் குறையும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் வில்லையை 10 மடங்கிற் பயன்படுத்தினால் 4 மில்லிமீட்டர் ஒளிக்கற்றை வரும். 40 மடங்கிற் பயன்படுத்தினால் 1 மில்லிமீட்டர்தான் வரும். மூடுபனி கவிந்த காலைவேளையில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆதலாற் பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய கண்ணாடியே மலைநாட்டுக்கு உகந்தது.

இரண்டாவதாகக் கவனிக்கவேண்டியது இடமாறு தோற்றப் பிழை. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது அருகேயுள்ள மரம் தூரத்து மலையின்மேல் நகர்வதுபோலத் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். தொலைநோக்கியினுள்ளே குறியின் விம்பமும் குறுக்குக் கம்பிகளும் ஒரே தளத்தில் அமையாவிடின், கண் சற்று அசைந்தாலும் கம்பி குறியைவிட்டு நகர்ந்ததுபோலத் தோன்றும். பெருந்தோட்டாத் துப்பாக்கிகளுக்கென ஆக்கப்பட்ட கண்ணாடிகள் பெரும்பாலும் 100 யார் தூரத்துக்குச் சீர்செய்யப்பட்டவை. அத்தகையதொன்றை, 40 மில்லிமீட்டர் முன்வில்லையுடன், 50 மீட்டரிற் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்கு விலகியபோது பிழை 9 மில்லிமீட்டர் வரை செல்லக்கூடும். சர்வதேச 50 மீட்டர்க் குறித்தாளிற் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான். தோட்டாவின் பருமன் ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர். அதன் நடு, குறியின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்கு அப்பாற் சென்றால் அது பத்து அன்று, ஒன்பதே. கை சிறிதும் பிழைக்காதபோதும் கண்ணாடி பிழைத்துப் புள்ளி போய்விடும். எனவே 50 மீட்டருக்குச் சீர்செய்யப்பட்டதையோ, தூரத்துக்கேற்பத் திருத்தும் வளையம் உள்ளதையோ தெரியவேண்டும்.

மூன்றாவது, திருத்தும் குமிழ்களின் நேர்மை. கோணத்தை அளக்கும் ‘கலை’ என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 50 மீட்டர் தூரத்தில் ஒரு கலை ஏறக்குறைய 14.5 மில்லிமீட்டருக்குச் சமம். குமிழின் ஒரு சொடுக்கு கால் கலையாயின் தோட்டா விழும் இடம் 3.6 மில்லிமீட்டர் நகரும். அரைக்கால் கலையாயின் 1.8 மில்லிமீட்டர் நகரும். நுண்ணிய போட்டிக்குப் பின்னதே ஏற்றது. ஆயினும் சொடுக்கின் நுண்மையைவிட அதன் வாய்மையே முக்கியம். பத்துச் சொடுக்கு வலப்புறம், பத்து மேலே, பத்து இடப்புறம், பத்துக் கீழே எனத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சுட்டுப் பார்த்தால் தாளில் ஒரு சதுரம் அமையவேண்டும். புறப்பட்ட இடத்துக்கே மீண்டும் வரவேண்டும். வாராத கண்ணாடி எத்துணை அழகாயினும் நம்பத்தக்கதன்று.

சிறுதுவாரத் துப்பாக்கியின் உதைப்பு மிகக் குறைவு. ஆகையால், உதைப்பைத் தாங்குவதற்கென ஆக்கப்பட்ட விலையுயர்ந்த கண்ணாடி இதற்குத் தேவையில்லை. ஆனால், சுருள்வில்லினால் இயங்கும் காற்றுத்துப்பாக்கி முன்னும் பின்னுமாக இருமுறை அதிரும். அதற்கு வேறு வகைக் கண்ணாடி வேண்டும். ஒன்றிலிருந்து கழற்றி மற்றதிற் பூட்டிக் கெடுத்துக்கொள்பவர் பலர்.

இனிப் பொருத்தும் முறை. கண்ணுக்கும் பார்வைத்துண்டுக்கும் இடையே மூன்று அல்லது நான்கு அங்குல இடைவெளி இருக்கும்படி, கழுத்தை நீட்டாமலும் ஒடுக்காமலும் முழு வட்டமும் தெரியும் இடத்தில் நிறுத்தவேண்டும். குறுக்குக் கம்பி நிமிர்ந்து நிற்கவேண்டும். 50 மீட்டர் செல்லும்போது தோட்டா ஏறக்குறைய 12 சென்ரிமீட்டர் தாழ்கிறது. அத்தாழ்வை ஈடுசெய்யவே குழல் சற்று மேல்நோக்கி வைக்கப்படுகிறது. துப்பாக்கி 5 பாகை சாய்ந்தால் அவ்வீடு பக்கவாட்டில் திரும்பி, தோட்டா 10 மில்லிமீட்டர் விலகிவிடும். பிடிவளையங்களின் திருகாணிகளை ஒரு பக்கத்தை முற்றாக இறுக்கிவிட்டு மறுபக்கத்தை இறுக்காமல், மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும்.

பின்னர், வெறும் வானத்தைப் பார்த்து, கம்பி கூர்மையாகத் தெரியும்வரை பார்வைத்துண்டைத் திருப்பவேண்டும். உற்று உற்றுப் பார்த்தால் கண் தன்னைத்தானே சரிசெய்து ஏமாற்றிவிடும். ஆதலால் ஒரு கணம் பார்த்து, விலகி, மறுபடியும் பார்க்கவேண்டும். அதன்பின் துப்பாக்கியைத் தாங்கில் அசையாமல் வைத்து, குறியைப் பார்த்துக்கொண்டே தலையை மேலும் கீழும் அசைக்கவேண்டும். கம்பி குறியைவிட்டு நகராதிருக்கும்வரை தூர வளையத்தைத் திருத்தவேண்டும். வளையத்தில் எழுதியுள்ள இலக்கத்தைவிடக் கண்ட சாட்சியே பெரிது.

காற்று மற்றொரு சோதனை. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்திற் குறுக்கே வீசும் காற்று, 50 மீட்டரில் இத்தோட்டாவைச் சுமார் ஓர் அங்குலம் தள்ளிவிடும். எந்தக் கண்ணாடியும் காற்றைக் காட்டாது. புல்லின் அசைவையும் மூடுபனியின் நகர்வையும் படிக்கப் பழகியவனுக்கே அது தெரியும். மலைகளுக்கு நடுவே காற்றும் நிலையாக வீசுவதில்லை. ஒவ்வொரு நாளும் நாள், வானிலை, தோட்டா வகை, சொடுக்கின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைப்பவன், பெரும்பொருள் செலவிட்டவனை மிஞ்சிவிடுவான்.

பாதுகாத்தல் பற்றியும் கூறவேண்டும். கினிகத்தேனைக்கு அருகேயுள்ள வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இந்த ஈரத்திலே வில்லைகளின்மேற் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி வலைபோலத் தோன்றும் அது, வில்லையின் மேற்பூச்சையே அரித்துவிடும். தோலுறையும் துணியுறையும் ஈரத்தைத் தேக்கி வைப்பவை. எனவே நன்கு உலர்ந்த கருவியை, ஈரம் உறிஞ்சும் சிலிக்காக் குருணையுடன், காற்றுப்புகாப் பெட்டியில் வைக்கவேண்டும். அடுப்படியிலே தொங்கவிடுதல் தவறு. குளிர்ந்த கண்ணாடி வெப்பமான ஈரக்காற்றைச் சந்தித்தால் அதன்மேல் நீர் படியும். உள்ளே நைதரசன் நிரப்பி அடைக்கப்பட்ட கருவி உட்புறம் மங்காது. வெளிப்புறத்துக்கு அந்தக் காவல் இல்லை. சட்டை நுனியால் வில்லையைத் துடைப்பது, மணலிட்டுத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். முதலில் தூசியை ஊதித் தூரிகையாற் போக்கி, பின்னரே வில்லைக்குரிய மெல்லிய தாளால் துடைக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையான விடயம் ஒன்றுண்டு. தொலைநோக்கி குறியைப் பெரிதாகக் காட்டும்போது, அதைச் சுற்றியுள்ள உலகத்தை மறைத்துவிடுகிறது. சிறுதோட்டாதானே என்று எண்ணுதல் பெருந்தவறு. அது ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று உயிரைப் பறிக்க வல்லது. மலைநாட்டிலோ ஒவ்வொரு சரிவிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிற்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் லயம் இருக்கிறது. கண்ணாடியின் சிறு வட்டத்துள் அவர்கள் தெரிவதில்லை. ஆதலால், தோட்டாவைத் தடுக்கும் மண்ணணை அமைந்த, அங்கீகாரம் பெற்ற சுடுதிடலைத் தவிர வேறெங்கும் சுடுதல் கூடாது. துப்பாக்கியிற் பூட்டிய தொலைநோக்கியால் ஆளையோ வீட்டையோ நோக்கிப் பார்ப்பது எக்காரணத்தாலும் தகாது. எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கியே குழலும் நிற்கிறது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். ஆகவே இக்கலையைப் பயில விழையும் இளைஞர், முறையான கழகத்தையும் பயிற்றுநரையும் நாடுவதே வழி.

பெற்றோர்க்குக் கூறத்தக்கதும் இதுவே. பிள்ளை எத்தனை குறியை அடித்தான் என்று கேட்பதற்கு முன், எத்தனை முறை சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தினான் என்று கேளுங்கள். மூடுபனி குறியை மறைத்தபோதும், காற்று மாறியபோதும், மண்ணணையின் அருகே ஆள் நடமாடியபோதும், விரலை எடுத்துவிட்டுக் காத்திருக்கப் பழகியவனே தேர்ந்த சுடுநன். ஒரு காலத்தில் அதிகாரத்தின் அடையாளமாக மாத்திரம் விளங்கிய கருவி, பொறுமையின் பாடமாக மாறுவது அவனிடத்திலேதான். கண்ணாடி தூரத்தைக் குறைக்கும், பொறுப்பைக் குறைக்காது.