வெப்பம் செல்லும் திசை

ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு வெப்பம் செல்வதைப் பற்றிய பாடம் பள்ளிகளில் பெரும்பாலும் கடத்தல், சலனம், கதிர்வீசல் என்னும் மூன்று பெயர்களோடு தொடங்குகிறது. மாணவர்களும் அவற்றை மனப்பாடம் செய்து, இரும்புக் கம்பி, கொதிக்கும் நீர், சூரியன் என்று பெயருக்கோர் எடுத்துக்காட்டு எழுதிவிடுகின்றனர். ஆனால் பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றிவைத்தால் அது விரைவில் உருகுமா, தாமதமாக உருகுமா என்று அதே மாணவர்களைக் கேட்டால், கம்பளி சூடு தரும் பொருள் என்பதால் விரைவில் உருகும் என்று சொல்வோர் பலர் இருப்பர். வெப்பம் செல்லும் வழிகளின் பெயர்கள் அவர்களுக்குத் தெரியும். அது எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதுதான் தெளிவாகவில்லை. ஆகவே பாடத்தைத் திசையிலிருந்து தொடங்கி, பெயர்களைக் கடைசியில் வைப்பதே பொருத்தமாகும்.

திசையைச் சொல்வதற்கு முன், வெப்பமும் வெப்பநிலையும் வெவ்வேறு என்பது விளங்க வேண்டும். பொருளின் நுண்துகள்கள் சராசரியாக எவ்வளவு விரைந்து இயங்குகின்றன என்பதைக் காட்டும் அளவு வெப்பநிலை. வெப்பநிலை மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குச் செல்லும் ஆற்றல் வெப்பம். இந்த வேறுபாட்டில் சிறுவர்கள் தடுமாறுவதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த ஜோசப் பிளாக் தெளிவுபடுத்தும்வரை அறிஞர்களும் இவ்விரண்டையும் கலந்தே பேசிவந்தனர்.

வகுப்பறையில் இதற்கு இரண்டு குவளை நீர் போதும். 30 டிகிரி நீருடன் 30 டிகிரி நீரைச் சேர்த்தால் 60 டிகிரி ஆகும் என்று கூட்டிச் சொல்லும் சிறுவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அவர்களே கலந்து அளந்து பார்த்தாலன்றி அந்த எண்ணம் அகலாது. அடுத்து 60 டிகிரி நீரையும் 30 டிகிரி நீரையும் சம அளவில் கலந்தால் அளவு 45 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும். 60 டிகிரி நீர் ஒரு பங்கும் 30 டிகிரி நீர் மூன்று பங்கும் கலந்தால் 37 டிகிரியை ஒட்டி நிற்கும். கணக்குப்படி வரவேண்டியதைவிடச் சிறிது குறைவதற்குக் காரணம், குவளையும் சுற்றியுள்ள காற்றும் தம் பங்கை எடுத்துக்கொள்வதே. சூடான நீர் இழந்ததைக் குளிர்ந்த நீர் பெற்றது, இரண்டும் ஒரே வெப்பநிலையை அடைந்ததும் அந்தப் போக்கு நின்றது என்னும் வெப்பச் சமநிலைக் கருத்து இங்கே தானாகப் புலப்படும். இதற்கு ஆய்வக வெப்பநிலைமானியே வேண்டும். காய்ச்சல் பார்க்கும் மானியின் அளவுகோல் 35 டிகிரியிலிருந்து 42 டிகிரி வரை மட்டுமே இருப்பதால், அதைச் சுடுநீரில் இட்டால் கெட்டுவிடும்.

தொட்டுப் பார்த்து அறிவதில் எச்சரிக்கை தேவை. ஒரே அறையில் நெடுநேரம் கிடக்கும் உலோகமும் மரமும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் உலோகமே குளிர்ந்ததாகத் தோன்றும் என்று குளிர்நாட்டு நூல்கள் எழுதியதை நம் பாடநூல்களும் அப்படியே ஏற்றுள்ளன. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி என்பதால், அதைவிடக் குளிர்ந்த அறையில் உலோகம் கையிலிருந்து வெப்பத்தை விரைந்து இழுக்கிறது, அந்த இழப்பே குளிர்ச்சியாக உணரப்படுகிறது. ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் பிற்பகலில், நிழலிலேயே கிடக்கும் இரும்பு மரத்தைவிடச் சூடாகத் தோன்றும். அப்போது வெப்பம் இரும்பிலிருந்து கைக்கு வருகிறது. பொருள்கள் மாறவில்லை, திசைதான் மாறியது. கோடையில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் இதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு தமிழ்நாட்டு மாணவர்களுக்கு உண்டு; பாடநூல் எழுதுவோர் அதைப் பயன்படுத்தாதது வியப்பே.

கையை நம்பாத சோதனை ஒன்றும் உண்டு. கனத்த அடியுள்ள அலுமினியப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு பனிக்கட்டியையும், பக்கத்தில் மரப்பலகைமேல் அதே அளவுள்ள மற்றொன்றையும் வைத்தால், அலுமினியத்தின் மேலிருப்பது கண்ணெதிரே கரைந்துவிடும். அலுமினியம் மரத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. எவர்சில்வர் தட்டை இதற்குத் தேர்ந்தெடுக்கலாகாது. உலோகமே ஆயினும் அதன் கடத்துதிறன் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, தட்டும் மெல்லியது.

இனிக் கம்பளிக் கேள்விக்கு விடை தரும் வரலாறு ஒன்று சென்னையிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் குளங்களில் உறையும் பனியை அறுத்து வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பிவந்தார். 1833ஆம் ஆண்டு மே மாதம் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட டஸ்கனி என்னும் கப்பல், நான்கு மாதப் பயணத்தில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. சென்னையில் அத்தகைய பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் அது மெரினாவை நோக்கி நிற்கிறது.

இந்த வணிகத்தில் பனிக்கட்டிக்குப் போர்வையாக இருந்தவை மரத்தூள், வைக்கோல் போன்ற எளிய பொருள்கள். அவற்றின் இடுக்குகளில் அசையாது அடைபட்ட காற்று மிகவும் அரிதாகவே வெப்பத்தைக் கடத்துவதால், வெளிவெப்பம் உள்ளே மெல்லவே நுழைந்தது. மரத்தூள் குளிரை வெளியேவிடாமல் காத்தது என்று மாணவர்கள் சொல்லக்கூடும். குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லாததால் வெளியேறுவதற்கும் ஏதுமில்லை. உள்ளே நுழைந்த வெப்பமும் பனிக்கட்டியின் வெப்பநிலையை உயர்த்தவில்லை, உருக்குவதிலேயே செலவாயிற்று. பிளாக் கண்டறிந்த உள்ளுறை வெப்பம் இதுவே: ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவையான ஆற்றல், அதே அளவு நீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமானது. உருகிய நீரை அவ்வப்போது வெளியேற்றியதும், கட்டிகளை நெருக்கமாக அடுக்கி வெளிப்பரப்பைக் குறைத்ததும் இழப்பைக் கட்டுப்படுத்தின.

இத்தனைக்கும் பின் அந்த மூன்று பெயர்களையும் ஒரு தெர்மாஸ் குடுவையைக் கொண்டே சொல்லிவிடலாம். 1892இல் ஜேம்ஸ் டிவார் அமைத்த இக்குடுவையின் இரட்டைச் சுவருக்கு இடையே காற்று நீக்கப்பட்டிருப்பதால், துகளுக்குத் துகள் ஆற்றல் கைமாறும் கடத்தலுக்கும், சூடான காற்று எழுந்து சுழலும் சலனத்துக்கும் அங்கே இடமில்லை. ஊடகமின்றிச் செல்லும் கதிர்வீசலை வெள்ளிப்பூச்சு திருப்பி அனுப்புகிறது. டிவார் அதை அமைத்தது தேநீருக்காக அன்று, திரவமாக்கிய வாயுக்களைக் குளிராக வைத்திருப்பதற்காக. சுடுநீர் உள்ள குடுவை ஒன்றையும் பனிநீர் உள்ள குடுவை ஒன்றையும் வரைந்து கொடுத்து, வெப்பம் கசியும் பக்கத்தை அம்புக்குறியால் காட்டுமாறு ஆசிரியர் கேட்கலாம். பனிநீர்க் குடுவையிலும் அம்பை வெளிநோக்கி வரையும் மாணவர்களுக்கு அந்தப் பனிக்கட்டிச் சோதனையை, இம்முறை கம்பளியில் சுற்றிய ஒன்றையும் சேர்த்து, மீண்டும் ஒருமுறை செய்துகாட்ட வேண்டியிருக்கும்.